எந்த க்ளிக்கைத் தொடக்கூடாது: மடிவாளா பேருந்து முன்பதிவுத் தளம், ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூரு மடிவாளாவில் ஓசூர் சாலையை ஒட்டி இருக்கும் டிக்கெட் ஏஜென்சிகளில் வெள்ளிக்கிழமை மாலை நிற்க இடம் இருக்காது. சேலம், மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று தெற்கே போகும் தனியார் பேருந்துகளுக்கு இடம் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் இங்கே வேலைக்கு வந்த தமிழர்கள். அப்படி ஒரு ஏஜென்சியின் இணையதளம்தான் இந்த ஆய்வுக்குப் பொருள். பெயர் வேண்டாம். உரிமையாளர் தென்காசிப் பக்கத்துக்காரர், கவுன்டரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. தளத்தைச் சரிசெய்யும் வேலைக்கு நானும், என்னோடு வேலை பார்க்கும் கோவைப் பெண் ஒருவரும் போனோம்.

தளம் முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. ஊரும் தேதியும் கொடுத்தால் சர்வர் ஒரு பக்கத்தை அனுப்பும், அதில் பேருந்துப் பட்டியல் இருக்கும், ஒரு பேருந்தைத் தொட்டால் அதன் இருக்கைப் படம் இன்னொரு பக்கமாக வரும். பிறகு வந்த ஒரு குழு அதை ஒரே பக்கமாக மாற்றிக் கொடுத்திருந்தது. நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. தேதியை ஒருநாள் தள்ளிப் பார்ப்பதற்குக்கூட முழுப் பக்கமும் மறுபடி இறங்கவேண்டியிருந்தது. அத்திப்பள்ளி தாண்டிச் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் இருப்பவருக்கு அது பெரிய தொல்லை. அதனால் எல்லா க்ளிக்குகளையும் பிரவுசருக்குள்ளேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பிடித்துக்கொண்டு, வேண்டிய பகுதியை மட்டும் சர்வரிடம் வாங்கி மாற்றுவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

அந்த "எல்லா" என்ற இடத்தில்தான் தளம் கெட்டது.

புகார்கள்

கவுன்டரில் இருக்கும் இளைஞர் சொன்னதுதான் தெளிவாக இருந்தது. "முன்னாடி நாலு பஸ்ஸை நாலு டேபில் தொறந்து வெச்சு கஸ்டமர்கிட்ட காட்டுவேன் சார். இப்ப ஒண்ணைத் தொறந்தா இன்னொண்ணு போயிடுது." கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு க்ளிக் செய்வது அவர் பழக்கம். இப்போது அப்படிச் செய்தால் புது டேப் வராமல் இருக்கிற பக்கமே மாறிவிடுகிறது.

அண்ணாச்சியின் கவலை வேறு. "தம்பி, இங்க இருக்கிற பையன் ஊர்ல அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல பஸ்ஸை அனுப்புறான். அவர் தொறந்தா நம்ம முகப்புதான் வருது. எந்த பஸ்னு மறுபடி போன் பண்ணிக் கேக்கிறாங்க."

இதற்கு மேல் சில புகார்கள் வந்துகொண்டே இருந்தன. பேக் பட்டனை அழுத்தினால் பட்டியலுக்குத் திரும்பாமல் தளத்தை விட்டே வெளியே போகிறது. சில நேரம் தொட்டால் திறக்கிறது, சில நேரம் திறப்பதில்லை. ஐஃபோனில் பணம் கட்டும் பக்கம் வருவதே இல்லை.

இவற்றோடு, அல்சூரில் இருந்து ஒரு வங்கி ஊழியர் மின்னஞ்சல் எழுதியிருந்தார். அவருக்குப் பார்வை இல்லை. மாதம் தவறாமல் திண்டுக்கல் போகிறவர். இதுவரை தன் டிக்கெட்டைத் தானே எடுத்தவர், இப்போது பக்கத்து மேசைக்காரரைக் கேட்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். வேலைப் பட்டியலில் அந்தக் கடிதத்தைத்தான் நாங்கள் முதலில் வைத்தோம். மற்ற புகார்களில் நேரம் வீணாகிறது. இவர் விஷயத்தில் தன் காரியத்தைத் தானே முடிக்கும் வசதியையே தளம் பறித்துவிட்டது.

தடயம் கிடைத்த இடம்

ஒரே பட்டியலில் மூன்று விதமான "லிங்க்" இருந்தன. பேருந்தின் பெயர் பழைய வார்ப்புருவில் இருந்து அப்படியே வந்தது. அது உண்மையான ஆங்கர், அதாவது பிரவுசருக்கே லிங்க் என்று தெரிந்த உறுப்பு; போக வேண்டிய இடத்தைச் சொல்லும் அதன் ஹெச்ரெஃப்பில் சரியான முகவரி இருந்தது. "இருக்கைகளைப் பார்" என்பது பார்வைக்கு லிங்க் போல இருந்தாலும் அதன் ஹெச்ரெஃப்பில் வெறும் # மட்டும்தான். பேருந்து விவரம் முழுவதையும் சுற்றியிருந்த அட்டையோ வெறும் டிவ், தனக்கென்று அர்த்தம் எதுவும் இல்லாத ஒரு பெட்டி. அதன் மேல் ஒரு ஆன்க்ளிக், தொட்டால் ஓடும் நிரல்.

கவுன்டர் இளைஞர் சொன்னதைச் சோதிக்கும்போது விசித்திரமான ஒன்று தெரிந்தது. பேருந்தின் பெயர் மேல் மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்தினால் புது டேப் ஒழுங்காகத் திறந்தது. அதே பெயரைக் கன்ட்ரோல் பிடித்து க்ளிக் செய்தால் திறக்கவில்லை. பயனருக்கு இரண்டும் ஒரே காரியம். பிரவுசருக்கு அப்படி இல்லை. இன்றைய பிரவுசர்களில் 'க்ளிக்' என்ற ஈவென்ட் (நடந்ததை நிரலுக்குச் சொல்லும் அறிவிப்பு) மவுஸின் முதன்மைப் பட்டனுக்கு மட்டும்தான் வரும். நடுச் சக்கரம் 'ஆக்ஸ்க்ளிக்' என்ற தனி ஈவென்ட்டாக வரும். தளத்தின் நிரல் க்ளிக்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அதனால் நடுச் சக்கரம் அதன் பிடியில் சிக்காமல் தப்பித்தது. கன்ட்ரோல் பிடித்த க்ளிக்கோ சாதாரண க்ளிக்தான். கன்ட்ரோல்கீ என்ற பண்பு மட்டும் 'ட்ரூ' என்று வரும். நிரல் அதைப் பார்க்கவே இல்லை. நேராக பிரிவென்ட்டிஃபால்ட்டைக் கூப்பிட்டது. புது டேப் திறப்பது பிரவுசரின் இயல்பான செயல். அந்த இயல்பைத்தான் அந்த ஒரு வரி ரத்து செய்துவிட்டது.

இதை வைத்தே மற்றவற்றையும் படிக்க முடிந்தது. "இருக்கைகளைப் பார்" மேல் நடுச் சக்கரம் அழுத்தினால் முகப்புதான் இன்னொரு முறை திறந்தது, ஏனென்றால் # என்பது இருக்கிற பக்கத்தின் முகவரியேதான். ஃபோனில் அதை அழுத்திப் பிடித்து லிங்க்கை நகலெடுத்தாலும் முகப்பின் முகவரிதான் வரும். டிவ்வுக்கு அந்த மெனுவே வராது. அப்புறம், இருக்கைப் படம் திறந்த பிறகும் முகவரிப் பட்டையில் எந்த மாற்றமும் இல்லை. முகப்பின் முகவரிதான் கடைசி வரை நின்றது. ஊரில் இருக்கும் அப்பாவுக்கு முகப்பு போனது இதனால்தான். முகவரியை மாற்றிப் பிரவுசர் வரலாற்றில் ஓர் அடி சேர்க்கும் புஷ்ஸ்டேட்டை யாரும் கூப்பிடாததால் அந்த வரலாற்றில் ஒரு அடிகூடப் பதிவாகவில்லை, ஆகவே பேக் பட்டனுக்குப் போக வேறு இடம் இல்லை.

"சில நேரம் திறக்கிறது" என்ற புகாரை என் சகா கண்டுபிடித்தார். பெயருக்கு முன்னால் ஒரு சின்னப் பேருந்துப் படம் உண்டு, கோடுகளால் வரையும் எஸ்விஜி வகை. எழுத்தின் மேல் தொட்டால் ஈவென்ட்டின் டார்கெட், அதாவது விரல் பட்ட உறுப்பு, ஆங்கராக வரும். படத்தின் மேல் தொட்டால் டார்கெட் அந்தப் படத்துக்குள் இருக்கும் ஒரு பாத்தாக, அதாவது ஒரு கோடாக, வரும். "டார்கெட் ஆங்கர்தானா?" என்று மட்டும் கேட்ட நிரல், படத்தின் மேல் விரல் பட்ட க்ளிக்குகளின் இயல்பை ரத்து செய்துவிட்டு எதையும் திறக்காமல் விட்டது. டார்கெட்டில் இருந்து மேலே ஏறி அருகிலுள்ள ஆங்கரைத் தேடும் 'க்ளோசஸ்ட்' என்ற ஒரே ஒரு அழைப்பு போதும் இதற்கு. ஈவென்ட் டெலிகேஷன், அதாவது பல லிங்க்குகளின் க்ளிக்கை மேலே ஒரே இடத்தில் கேட்கும் நிரல், எழுதும் எவரும் முதல் நாளே இதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இது விரல் படும் இடத்தைப் பொறுத்து வரும் பிழை என்பதால் சோதிப்பவர் கையில் சிக்காது, வாடிக்கையாளர் கையில் சிக்கிக்கொண்டே இருக்கும்.

அல்சூர் அக்காவோடு ஒரு மாலை

மின்னஞ்சல் எழுதியவரை நேரில் சந்தித்தோம். என் சகா அவரை அக்கா என்றே கூப்பிட, நானும் அப்படியே ஆகிவிட்டேன். அலுவலகக் கணினியில் என்விடிஏ, ஃபோனில் டாக்பேக், திரையை வாசித்துச் சொல்லும் இந்த ஸ்க்ரீன் ரீடர்கள் இரண்டும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்விடிஏவில் இன்சர்ட்டோடு எஃப்7 அழுத்தினால் பக்கத்தில் உள்ள லிங்க்குகள் எல்லாம் ஒரு பட்டியலாக வரும். அவர் அதைத்தான் முதலில் செய்வார். பேருந்துப் பெயர்கள் வந்தன. இருபது இடத்தில் "இருக்கைகளைப் பார்" என்று ஒரே பெயரில் வந்தது. எது எந்தப் பேருந்துக்கு என்று தெரிய வழியே இல்லை. அட்டைகள் வரவே இல்லை. டிவ்வுக்கு லிங்க் என்ற அடையாளமும் கிடையாது, டேப் விசையால் அதன் மேல் போய் நிற்கவும் முடியாது.

"வரி வரியாப் படிச்சா ஒவ்வொண்ணுக்கும் க்ளிக்கபிள், க்ளிக்கபிள்னு சொல்லுது. எது பஸ், எது வெளம்பரம்னு புரியலைப்பா" என்றார்.

அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. பேருந்துப் பெயரில் என்டர் அழுத்துகிறார். என்டர் அழுத்தினாலும் க்ளிக் ஈவென்ட்தான் வரும், நிரல் பட்டியலை எடுத்துவிட்டு இருக்கைப் படத்தை வைக்கிறது. அவர் நின்றிருந்த லிங்க் பக்கத்தில் இருந்தே காணாமல் போய்விட்டது. கீபோர்டு நிற்கும் இடமான ஃபோகஸ் பக்கத்தின் தொடக்கத்துக்கு விழுந்துவிட்டது. ஸ்க்ரீன் ரீடர் ஒன்றுமே சொல்லவில்லை. திரையில் எல்லாம் மாறியிருக்கிறது, அவர் காதுக்கு எதுவும் நடக்கவில்லை. அதனால் மறுபடி மறுபடி என்டர் அழுத்துகிறார். உண்மையான பக்கத்துக்குப் போனால் பிரவுசர் தானாகப் புதுத் தலைப்பை வாசிக்கவைக்கும், ஃபோகஸை ஒழுங்காக வைக்கும். க்ளிக்கைத் தன் கையில் எடுத்த நிரல் இந்த இரண்டு கடமையையும் சேர்த்தே எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

அந்த மாலைக்குப் பிறகு எங்கள் திட்டம் மாறிவிட்டது. அதுவரை எல்லா க்ளிக்குகளையும் இன்னும் கவனமாகப் பிடிப்பது எப்படி என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் கேள்வியைத் திருப்பிப் போட்டோம்: இவற்றில் எந்த க்ளிக்கைப் பிடித்தே ஆக வேண்டும்?

தொடாமல் விட்டவை

பேருந்தில் இருந்து இருக்கைப் படத்துக்குப் போவதை ஜாவாஸ்கிரிப்ட்டிடம் இருந்து முழுக்க எடுத்துவிட்டோம். சர்வரில் பழைய பக்கங்கள் இன்னும் உயிரோடு இருந்தது பெரிய உதவி. அட்டைக்கு ஒரே ஒரு ஆங்கர், பேருந்தின் பெயர் மேல். அதன் சொடுக்கு எல்லையை, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மூலம் அட்டை முழுக்க விரித்தோம், அதனால் எங்கே தொட்டாலும் திறக்கும். "இருக்கைகளைப் பார்" என்ற தனி லிங்க் தேவையில்லாமல் போனது. கன்ட்ரோல், மேக்கில் கமாண்ட், புது விண்டோவுக்கு ஷிஃப்ட், அழுத்திப் பிடிக்கும் மெனு, லிங்க் நகல், வாட்ஸ்அப் பகிர்வு, டாக்பேக், எல்லாம் ஒரு வரி நிரல்கூட எழுதாமல் திரும்பி வந்தன.

அண்ணாச்சி ஒரு சந்தேகம் கேட்டார். பேக் அழுத்தினால் பட்டியல் மறுபடி முதலில் இருந்து இறங்குமே, பழைய தொல்லைதானே என்று. நியாயமான கேள்வி. விட்டுப்போன பக்கத்தை அப்படியே நினைவில் உறையவைத்து, பேக் அழுத்தினதும் உடனே திருப்பிக் கொடுக்கும் வசதி பிரவுசர்களில் இருக்கிறது; ஃபயர்ஃபாக்ஸில் 2005 முதல், டெஸ்க்டாப் க்ரோமில் 2021 முதல். ஸ்க்ரோல் நின்ற இடம்கூட மாறாது. ஆனால் இந்தத் தளத்தில் அது வேலை செய்யவில்லை. காரணம், எந்த லிங்க்கை யார் தொட்டார்கள் என்று எண்ணும் ஒரு பழைய ஸ்க்ரிப்ட், பக்கத்தை விட்டுப் போகும்போது வரும் 'அன்லோட்' ஈவென்ட்டில் உட்கார்ந்திருந்தது. அன்லோட் கேட்கும் பக்கத்தை டெஸ்க்டாப் க்ரோமும் ஃபயர்ஃபாக்ஸும் உறையவைப்பதில்லை. அதே ஸ்க்ரிப்ட், எண்ணிக்கை போய்ச் சேரட்டும் என்று ஒவ்வொரு லிங்க்கையும் தடுத்து நிறுத்தி, சற்றுத் தாமதித்துத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. எண்ணுவதற்காக ஆளை வாசலில் நிறுத்தவே வேண்டியதில்லை. 'சென்ட்பீக்கன்' இதற்கென்றே இருக்கிறது: பக்கம் மாறிப் போனாலும் பிரவுசர் பின்னால் இருந்து தகவலை அனுப்பிவிடும். தடுப்பதும் தாமதமும் போயின. அன்லோடுக்குப் பதில், உறையவைப்பதைத் தடுக்காத 'பேஜ்ஹைட்' வந்தது.

உறைந்த பக்கத்தில் ஒரு ஆபத்து உண்டு. பத்து நிமிடம் கழித்து வருபவருக்கு, அதற்குள் விற்றுப்போன இருக்கையையும் காலி என்று காட்டும். பக்கம் திரையில் வரும்போது கிடைக்கும் 'பேஜ்ஷோ' ஈவென்ட்டில், உறைந்த பக்கம்தான் திரும்பி வந்தது என்று சொல்லும் 'பெர்சிஸ்டட்' என்பது ட்ரூவாக இருந்தால் காலி இடங்களின் எண்ணிக்கையை மட்டும் புதிதாக வாங்கிப் போடச் செய்தோம். பண்டிகைக் காலத்துப் பேருந்துக்கு இது இல்லாமல் முடியாது.

ரத்துசெய் லிங்க்

இதுதான் இந்த வேலையிலேயே எங்களைப் பயமுறுத்திய இடம். பயணி தன் டிக்கெட்டை ரத்து செய்ய ஒரு லிங்க் இருந்தது. க்ளிக் செய்தால் ஜாவாஸ்கிரிப்ட் "நிச்சயமா?" என்று கேட்கும், பிறகு அந்த முகவரிக்குப் போகும், போனதுமே டிக்கெட் ரத்து. எல்லா லிங்க்குக்கும் உண்மையான ஹெச்ரெஃப் என்று நாங்கள் வரிசையாக மாற்றிக்கொண்டு வரும்போது இது கண்ணில் பட்டது. இதில் ஹெச்ரெஃப் ஏற்கெனவே உண்மையானதுதான். நடுச் சக்கரத்தை அழுத்தினால் க்ளிக் ஈவென்ட் வராது, "நிச்சயமா?" என்ற கேள்வியும் வராது. புது டேப் திறக்கும், டிக்கெட் போய்விடும்.

இது 2005இலேயே உலகம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். பக்கங்கள் வேகமாகத் திறக்கட்டும் என்று கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் என்ற கருவி, பக்கத்தில் உள்ள லிங்க்குகளை முன்கூட்டியே தானாகத் திறந்து வைத்தது. லாகின் செய்து பயன்படுத்தும் சில தளங்களில் "நீக்கு" என்பதும் சாதாரண லிங்க்காக இருந்ததால், பயனர் தொடாமலே அவர்களுடைய தகவல்கள் நீங்கின. ஜாவாஸ்கிரிப்ட்டில் வைத்த உறுதிக் கேள்வி காப்பாற்றவில்லை, ஏனென்றால் அந்தக் கருவி அதை ஓட்டவே இல்லை. லிங்க்கைத் திறக்கும்போது பிரவுசர் அனுப்பும் கெட் என்ற கோரிக்கை ஒன்றை வாங்கிப் பார்ப்பதற்கு மட்டும்தான், எதையும் மாற்றுவதற்கு அல்ல என்று, பிரவுசரும் சர்வரும் பேசும் முறையான ஹெச்டிடிபியின் 1999 விவரக்குறிப்பே சொல்லியிருந்தது.

ரத்துசெய் என்பதை ஒரு ஃபார்முக்குள் இருக்கும் பட்டனாக மாற்றினோம். மாற்றம் செய்வதற்கான கோரிக்கையான போஸ்ட்டாக மட்டுமே போகும், உறுதிக் கேள்வி சர்வர் அனுப்பும் ஒரு சிறு பக்கத்திலேயே வரும். இடத்துக்குக் கூட்டிப் போவது லிங்க், காரியத்தைச் செய்வது பட்டன். இந்தப் பிரிவில் நான் எந்த விட்டுக்கொடுத்தலுக்கும் தயாராக இல்லை. கீபோர்டில்கூட லிங்க்குக்கு என்டர் மட்டும்தான், பட்டனுக்கு ஸ்பேஸும் உண்டு. அல்சூர் அக்கா போன்றவர்கள் அந்த வேறுபாட்டை நம்பித்தான் கையை வைக்கிறார்கள்.

ஐஃபோனில் பணம் கட்டும் பக்கம் வராததும் இதே குடும்பம்தான். க்ளிக் செய்ததும் நிரல் முதலில் சர்வரிடம் இருக்கையைப் பிடித்து வைக்கச் சொல்லும், பதில் வந்த பிறகு விண்டோ.ஓப்பன் மூலம் புது ஜன்னல் திறக்கப் பார்க்கும். பயனர் தொட்டதற்கும் ஜன்னல் திறப்பதற்கும் நடுவே நேரம் ஓடிவிட்டால் பிரவுசர் அதைப் பாப்-அப் என்று நினைத்துத் தடுக்கும். க்ரோம் 5 விநாடி வரை பொறுக்கும், சஃபாரி அதைவிடக் கண்டிப்பு. அதையும் போஸ்ட் ஃபார்ம் ஆக்கி அதே டேபில் போகவிட்டோம்.

பிடித்தே ஆக வேண்டிய ஒன்று

கடைசியில் மிஞ்சியது தேதிப் பட்டை. முந்தைய நாள், அடுத்த நாள். இங்கே ஜாவாஸ்கிரிப்ட் உண்மையிலேயே உதவுகிறது, பட்டியல் மட்டும் மாறினால் போதும். ஆனாலும் ஒவ்வொரு தேதியும் முழு முகவரி உள்ள ஆங்கர்தான்.

க்ளிக்கைக் கேட்கும் நிரலை ஆவணம் முழுவதற்கும் வைக்காமல் அந்தப் பட்டைக்கு மட்டும் வைத்தோம். அதில் முதல் பாதி முழுக்க ஒதுங்கிக்கொள்வதற்கான காரணங்கள்தான். வேறு யாரோ ஏற்கெனவே பிரிவென்ட்டிஃபால்ட் செய்திருந்தால் திரும்பிவிடு. பட்டன் எண் பூஜ்ஜியம் (முதன்மைப் பட்டன்) இல்லையென்றால் திரும்பிவிடு. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், மெட்டா இவற்றில் ஏதாவது பிடிக்கப்பட்டிருந்தால் திரும்பிவிடு. க்ளோசஸ்ட் மூலம் ஹெச்ரெஃப் உள்ள ஆங்கர் கிடைக்கவில்லையா, அதில் டார்கெட் என்று வேறு டேப் குறிக்கப்பட்டிருக்கிறதா, டவுன்லோட் பண்பு இருக்கிறதா, முகவரி வேறு தளத்துக்குப் போகிறதா, அப்போதும் திரும்பிவிடு. இத்தனையும் தாண்டி வந்தால்தான் பிரிவென்ட்டிஃபால்ட். என் சகா இதை முதலில் படித்துவிட்டு, "ஏனுங்ணா, வேலை செய்யறதவிட செய்யாம இருக்கறதுக்குத்தான் நெறைய எழுதியிருக்கு" என்றார். அப்படித்தான் இருக்க வேண்டும். பயனர் கன்ட்ரோலைப் பிடித்திருக்கிறார் என்றால் தனக்கு என்ன வேண்டும் என்று பிரவுசரிடம் சொல்லிவிட்டார். நடுவில் புகுந்து அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

பிடித்த பிறகு செய்ய வேண்டியவை: பட்டியலை வாங்கி மாற்றுவது, புஷ்ஸ்டேட் மூலம் முகவரியை மாற்றுவது, பக்கத் தலைப்பை மாற்றுவது, ஃபோகஸைப் பட்டியலின் தலைப்பில் வைப்பது, பேக் அழுத்தினால் வரும் பாப்ஸ்டேட்டுக்குப் பதில் சொல்வது. அவசரத்தில் "அடுத்த நாள்" என்று இரண்டு முறை தட்டுபவருக்கு, முதல் கேள்வியின் பதில் தாமதமாக வந்து இரண்டாவதன் மேல் உட்காரும் வாய்ப்பு உண்டு. சனிக்கிழமைப் பட்டியல் என்று நினைத்து வெள்ளிக்கிழமைப் பேருந்தில் காசு கட்டிவிடுவார்கள். புதுக் கேள்வி கிளம்பும்போது பழையதை அபார்ட்கன்ட்ரோலர் கொண்டு ரத்து செய்கிறோம். சர்வரில் இருந்து பதிலே வரவில்லை என்றால், அந்த லிங்க்கின் ஹெச்ரெஃப்புக்கே சாதாரணமாகப் போய்விடச் சொல்லியிருக்கிறோம்.

ஸ்க்ரிப்ட் இறங்கவே இல்லை என்றாலும் பட்டை வேலை செய்கிறது. இதை வீண் எச்சரிக்கை என்று நினைப்பவர்கள் உண்டு. பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளம் 2013இல் அளந்து பார்த்தபோது, வருபவர்களில் 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேரவில்லை. அவர்களில் அதை அணைத்து வைத்திருந்தவர்கள், இல்லாத பிரவுசர் வைத்திருந்தவர்கள் 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதத்தினரின் பிரவுசரில் ஸ்க்ரிப்ட் ஓடியிருக்க வேண்டும், ஏதோ காரணத்தால் ஓடவில்லை. ஓசூர் சாலை நெரிசலில் பேருந்தைத் தேடுபவர் அந்தக் கூட்டத்தில் எந்த நிமிடமும் சேரலாம்.

நேவிகேஷன் ஏபிஐ என்ற புது வழியையும் பார்த்தோம். க்ரோமில் 2022இல் 102ஆம் பதிப்போடு வந்தது. லிங்க், பேக் பட்டன், ஃபார்ம் எல்லாவற்றையும் ஒரே 'நேவிகேட்' ஈவென்ட்டில் தருகிறது. மேலே சொன்ன ஒதுங்கும் வரிகளில் பாதி அதற்குத் தேவைப்படாது. ஏஜென்சிக்கு வருபவர்கள் கையில் பழைய ஃபோன்கள் நிறைய, அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்தோம்.

மாற்றிய தளத்தை முதலில் அல்சூர் அக்காவிடம்தான் கொடுத்தோம். லிங்க் பட்டியலைத் திறந்தார், கீழ் அம்புக்குறியால் இறங்கினார், திண்டுக்கல் பேருந்தில் என்டர் அழுத்தினார், புதுப் பக்கத்தின் தலைப்பை என்விடிஏ வாசித்தது. இருக்கைப் படத்தில் கீழ்ப் படுக்கைகளை மட்டும் கேட்டு எடுக்க ஒரு வழி வேண்டும் என்றார். குளிர்சாதனம், படுக்கை, புறப்படும் நேரம் என்ற வடிகட்டிகள் இன்னும் முகவரியில் ஏறவில்லை. அதனால் வடிகட்டிய பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முழுப் பட்டியல்தான் போகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறோம், தீபாவளி முன்பதிவு தொடங்குவதற்குள் முடித்துத் தருவதாக அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறோம்.